மாற்றியமைத்த காரில் காற்றின் போக்கை அளப்பதும் திருத்துவதும்

எஞ்சினை மாற்றியமைப்பவர் காரை, திறனை அளக்கும் டைனமோமீட்டரில் ஏற்றி, செய்த வேலைக்கு எத்தனை குதிரைத்திறன் கூடியது என்று பார்க்காமல் விடுவதில்லை. அதே காரின் முன்பக்கத்தில் ஸ்பிளிட்டரும் (பம்பருக்கு அடியில் முன்னோக்கி நீளும் பலகை) பின்பக்கத்தில் விங்கும் (காரைத் தரையோடு அழுத்தும் இறக்கை) பொருத்துபவர்களோ பெரும்பாலும் எதையும் அளப்பதில்லை; பார்வைக்குச் சரியாக இருந்தால் காற்றுக்கும் சரியாக இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை பல நேரங்களில் பொய்த்துப்போகிறது என்பதாலேயே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். எந்தப் பாகத்தையும் பொருத்துவதற்கு முன் இப்போதுள்ள நிலையை அளந்துகொள்ள வேண்டும். பொருத்திய பின் அளக்க வேண்டும். பிறகு அதைக் கழற்றிவிட்டு, பழைய அளவு திரும்பி வருகிறதா என்று மூன்றாவது முறையும் அளக்க வேண்டும். இந்த மூன்றாவது அளவைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். காற்றுச் சுரங்கம் இல்லாமலே இவற்றைச் செய்யலாம். கம்பளி நூல், டேப், ஓர் அழுத்தமானி, வேகத்தைப் பதிவு செய்யும் ஜிபிஎஸ் கருவி, காற்றடிக்காத ஒரு காலைப்பொழுது ஆகியவை இருந்தால் பெரும்பாலான சோதனைகளுக்குப் போதும்.

வேகத்தின் கணக்கு

காற்றின் இழுவையைக் கணக்கிட, காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தாலும் இழுவைக் கெழுவாலும் (காரின் வடிவம் காற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைக் காட்டும் எண்) முகப்புப் பரப்பாலும் பெருக்க வேண்டும். கடல் மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸில் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1.225 கிலோ. கெழுவையும் பரப்பையும் பெருக்கிய தொகை 0.65 சதுர மீட்டராக உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அதன் மீதான இழுவை சுமார் 307 நியூட்டன். அதை வெல்ல 8.5 கிலோவாட் போதும். 200 கி.மீ. வேகத்தில் இழுவை நான்கு மடங்காகி 1,229 நியூட்டனைத் தொடுகிறது. தேவைப்படும் திறனோ எட்டு மடங்காகி 68 கிலோவாட் ஆகிறது. காரைத் தூக்கும் விசையும் தரையோடு அழுத்தும் விசையும் இதே வர்க்க விதியைத்தான் பின்பற்றுகின்றன. ஆகவே 60 கி.மீ. வேகத்தில் ஓட்டிப் பார்த்து விங் வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது. சோதனைக்கு உயர்ந்த வேகம் தேவை. உயர்ந்த வேகத்திற்கு மூடிய ஓடுபாதை தேவை. பொதுச் சாலையில் இந்தச் சோதனைகளைச் செய்யவே கூடாது. கருவியைப் பார்த்துக் குறித்துக்கொள்ள ஓட்டுநரைத் தவிர இன்னொருவர் காரில் இருக்க வேண்டும்.

கம்பளி நூல் காட்டுவது

முதல் சோதனை மிக மலிவானது, மிகுதியாகக் கற்றுத்தருவதும் அதுவே. காரின் நிறத்திலிருந்து எடுப்பாகத் தெரியும் கம்பளி நூலை 5 முதல் 7 செ.மீ. நீளத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் முன்முனையை மட்டும் சிறு டேப்பால் ஒட்டுங்கள். துண்டுகளுக்கிடையே ஏறக்குறைய 10 செ.மீ. இடைவெளி போதும். பின்கண்ணாடி, டிக்கி மூடி, பின் பம்பரின் இரு ஓரங்கள், முன் சக்கரத்திற்குப் பின்னுள்ள பக்கவாட்டுத் தகடு, விங்கின் அடிப்புறம் ஆகிய இடங்களைத் தவறவிடாதீர்கள். பிறகு சீரான வேகத்தில் ஓட்டி, பக்கத்துத் தடத்தில் வரும் இன்னொரு காரிலிருந்து படம் பிடியுங்கள். அந்தக் கார் மிக நெருங்கி வந்தால் அதன் காற்றே உங்கள் நூல்களைக் கலைத்துவிடும் என்பதால், தள்ளி நின்று லென்ஸால் நெருக்கிப் பிடிப்பது நல்லது.

நூல் உடலோடு படிந்து, இலேசாக நடுங்கியபடி பின்னோக்கிக் கிடந்தால் அங்கே காற்று மேற்பரப்பை ஒட்டி ஓடுகிறது. நூல் எழுந்து சுழன்றாலோ முன்னோக்கித் திரும்பி நின்றாலோ ஓட்டம் மேற்பரப்பிலிருந்து பிரிந்துவிட்டது. எந்த வரிசையில் பிரிகிறது என்பதைப் படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்து, காரின் மீதே சாக்குக் கட்டியால் கோடாக வரைந்துகொள்ளுங்கள். அந்தக் கோடு அடுத்த எல்லா முடிவுகளுக்கும் வரைபடமாக இருக்கும்.

ஆனால் நூல் திசையைத்தான் சொல்லும், விசையைச் சொல்லாது. வளைந்து இறங்கும் பின்புறத்தில் நூல்கள் அழகாகப் படிந்து கிடந்தால், காற்று அந்த வளைவைச் சுற்றி வேகமாக ஓடி அங்கே அழுத்தத்தைக் குறைக்கிறது என்றும் பொருள். அழுத்தம் குறைந்தால் பின்பக்கம் தூக்கப்படும். உருண்ட பின்புறத்தோடு வந்த முதல் தலைமுறை ஆடி டிடி கார்களில் அதிவேக விபத்துகள் நேர்ந்த பின், அந்த நிறுவனம் கார்களைத் திரும்ப அழைத்துப் பின்பக்க ஸ்பாய்லரையும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாட்டையும் சேர்த்தது. கண்ணுக்கு நேர்த்தியாகத் தெரிந்த வடிவம் அதிவேகத்தில் பின் அச்சின் பாரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. படிந்த நூலைக் கண்டதும் மகிழ்ந்துவிடாமல், அந்த இடத்தின் அழுத்தத்தையும் அளக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

அழுத்தத்தை அளத்தல்

100 கி.மீ. வேகத்தில் காற்றின் இயக்க அழுத்தம் (வேகத்தால் மட்டும் உண்டாகும் அழுத்தம்) ஏறத்தாழ 473 பாஸ்கல், அதாவது 48 மி.மீ. நீர்மட்ட உயரம். வளைத்த கண்ணாடிக் குழாயில் நிறமேற்றிய நீரை ஊற்றியே இதைப் பார்த்துவிடலாம் என்றாலும், பிரேக் பிடிக்கும்போது நீர் அலைபாயும். 0 முதல் 500 பாஸ்கல் வரை காட்டும் முள் அழுத்தமானி ஒன்று கையாள எளிது. நாணய அளவுள்ள மெல்லிய வட்டத் தகட்டின் நடுவில் 1 மி.மீ. துளையிட்டு, அதன் ஓரத்திலிருந்து மெல்லிய குழாயைக் கொண்டுவந்து, அந்தத் தகட்டை அளக்க வேண்டிய இடத்தில் ஒட்டிவிட்டால் உடலில் ஓட்டை போடாமலேயே மேற்பரப்பின் அழுத்தம் கிடைக்கும்.

எதோடு ஒப்பிட்டு அளப்பது என்பதுதான் சிக்கல். காரின் உட்புற அழுத்தம் கண்ணாடியையும் காற்றுத்துளைகளையும் பொறுத்து மாறும், அது நம்பத்தக்கதன்று. நின்ற நிலையில் காற்றை அடைத்து மூடிய பாட்டிலை ஒப்பீடாக வைக்கலாம் என்று சிலர் செய்கிறார்கள். அதில் இரண்டு பொறிகள் உள்ளன. அடைத்த காற்று ஒரு டிகிரி சூடானாலே சுமார் 350 பாஸ்கல் ஏறிவிடும் என்பதால் வெப்பம் புகாத ஃபிளாஸ்க்கைத்தான் பயன்படுத்த வேண்டும். பாதை ஒரு மீட்டர் உயர்ந்தால் வளிமண்டல அழுத்தம் 12 பாஸ்கல் குறையும் என்பதால், பார்வைக்குத் தட்டையாகத் தெரியும் பாதையின் மெல்லிய ஏற்றம்கூட முள்ளை நகர்த்திவிடும். இந்தத் தொல்லைகளைத் தவிர்க்க நான் பரிந்துரைப்பது வேறு வழி: முடிந்தவரை ஒரே தகட்டின் இரு பக்கங்களுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும் அளவுங்கள். மானியின் ஒரு வாய் பானெட்டின் மேற்புறத்திலும் மற்றது அதன் அடிப்புறத்திலும் இருந்தால் ஒப்பீட்டுக் காற்றே தேவையில்லை. நமக்கு வேண்டியதும் அந்த வேறுபாடுதான்.

அடிப்புற அழுத்தம் மேற்புறத்தைவிட 150 பாஸ்கல் மிகுந்து, பானெட்டின் பரப்பு 1.2 சதுர மீட்டராக இருந்தால், அந்தத் தகடு மட்டும் 180 நியூட்டன் விசையோடு காரின் முன்பக்கத்தை மேலே இழுக்கிறது. சூடான காற்று வெளியேறும் துளையை எங்கே வெட்டுவது என்பதையும் இதே அளவு சொல்லிவிடும். பானெட்டின் முன் வளைவுக்குச் சற்றுப் பின்னால் மேற்புற அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும். முன்கண்ணாடியின் அடிப்பகுதியை நெருங்க நெருங்க அது கூடும். கண்ணாடியருகே துளை வெட்டி, எஞ்சின் சூடு வெளியேறும் என்று எதிர்பார்த்த பலரது கார்களில், வேகம் கூடியதும் காற்று வெளியிலிருந்து உள்ளே புகுந்திருக்கிறது. பானெட்டில் கத்தி வைப்பதற்கு முன் நாலைந்து இடங்களில் தகட்டை ஒட்டி அளந்து பார்ப்பது ஒரு மணி நேர வேலை.

ரேடியேட்டருக்கும் இதே முறைதான். அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு கூடினால் காற்று அதனூடே நன்றாகப் போகிறது. புதிய துளை எதையும் வெட்டுவதற்கு முன், பம்பர் வாயிலிருந்து ரேடியேட்டர் வரையுள்ள இடுக்குகளைத் தகட்டாலும் நுரைப் பட்டையாலும் அடைத்துவிட்டு மீண்டும் அளவுங்கள். வழியிலேயே கசிந்துபோகும் காற்று குளிர்விப்பதும் இல்லை, இழுவையைக் கூட்டாமல் விடுவதும் இல்லை.

தானே ஓடவிட்டு இழுவையைக் காணல்

மொத்த இழுவையை அறிய, காரை 120 கி.மீ. வேகத்திற்குச் சற்று மேல் கொண்டுசென்று, நியூட்ரலில் போட்டு, 60 கி.மீ. வரை தானாக வேகம் குறைய விட்டு, நேரத்தையும் வேகத்தையும் பதிவு செய்ய வேண்டும். பாதையின் இரு திசைகளிலும், ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது ஐந்து முறையாவது ஓடுங்கள். டயர்கள் சூடேறும் வரை முதலில் ஓட்டி, பிறகு காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, எல்லாக் கண்ணாடிகளையும் மூடிவிட்டுத் தொடங்குங்கள்.

கணக்கு இப்படி வரும். 1,400 கிலோ எடையுள்ள கார்; சுழலும் சக்கரங்களுக்காக 4 சதவீதம் சேர்த்தால் 1,456 கிலோ. 110 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு நொடி 0.38 மீட்டர் வீதம் வேகம் இழந்தால் மொத்த எதிர்ப்பு 553 நியூட்டன். டயர்களின் உருளெதிர்ப்பு எடையில் 1.2 சதவீதம் என்று கொண்டால் 165 நியூட்டன் கழியும். மீதி 388 நியூட்டன் காற்றுடையது. அந்த வேகத்தின் இயக்க அழுத்தமான 572 பாஸ்கலால் வகுத்தால் கெழுவும் பரப்பும் பெருகிய தொகை ஏறக்குறைய 0.68 சதுர மீட்டர் என்று கிடைக்கிறது. உருளெதிர்ப்பைப் பற்றிய ஊகம் பிழையாக இருந்தாலும், ஒரே நாளில் ஒரே டயர்களில் எடுத்த இரு அளவுகளின் வேறுபாட்டை அந்தப் பிழை பெரிதாகப் பாதிக்காது. நமக்கு வேண்டியது வேறுபாடுதான்.

இனி எச்சரிக்கைகள். 10 கி.மீ. எதிர்க்காற்று 100 கி.மீ. வேகத்தில் இழுவையை 21 சதவீதம் கூட்டும். பின்காற்று 19 சதவீதம் குறைக்கும். இரு திசைகளையும் சராசரியாக்கினால் பிழை ஒரு சதவீதத்திற்குச் சுருங்கிவிடும், ஆனால் காற்று சீராக வீசினால் மட்டுமே. வெப்பநிலை இன்னும் நயவஞ்சகமானது. 15 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஏறினால் காற்றின் அடர்த்தி 5 சதவீதம் குறைகிறது. காரின் அடிப்புறத்தை அலுமினியத் தகட்டால் மூடிய நாளில் நான் காலையில் அடிப்படை அளவையும் நண்பகலில் புதிய அளவையும் எடுத்து, 4 சதவீதம் முன்னேற்றம் என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். தகட்டைக் கழற்றி மீண்டும் ஓட்டியபோது அதே 4 சதவீத முன்னேற்றம் அப்படியே இருந்தது. குறைந்தது காற்றின் அடர்த்தி. தகட்டுக்கு அதில் பங்கே இல்லை. அன்றிலிருந்து கழற்றி அளக்காத எந்த முன்னேற்றத்தையும் நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

தூக்கும் விசையை உயரத்தால் அளத்தல்

ஓடுபாதைக் காருக்கு இழுவையைவிட முக்கியம் அச்சுகளின் மீது எவ்வளவு பாரம் இறங்குகிறது என்பது. சஸ்பென்ஷனே இதற்குத் தராசு. நான்கு மூலைகளிலும் உயரமானிகளாக நேர்கோட்டுப் பொட்டென்ஷியோமீட்டர்களை (நகர்வை மின்னளவாகக் காட்டும் கருவிகள்) பொருத்தி, வேகத்தோடு உயரம் எப்படி மாறுகிறது என்று பதிவு செய்யுங்கள். ஸ்பிரிங்கின் விறைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நெம்புகோல் விகிதத்தின் (சக்கரம் ஒரு மி.மீ. நகரும்போது ஸ்பிரிங் எவ்வளவு நகர்கிறது என்பதன்) வர்க்கத்தால் பெருக்கி, சக்கரத்தில் உணரப்படும் விறைப்பைக் காண வேண்டும். அது முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் என்றும், 40 கி.மீ. வேகத்தைவிட 160 கி.மீ. வேகத்தில் முன்பக்கம் 4 மி.மீ. உயர்கிறது என்றும் வைத்துக்கொண்டால், முன் அச்சின் மீது 240 நியூட்டன் தூக்கும் விசை செயல்படுகிறது.

நான்கு மில்லிமீட்டர் என்பது சாலையின் ஒரு சிறு மேட்டில் மறைந்துபோகும் அளவு. எனவே ஒவ்வொரு வேகத்திலும் பல நொடிகளின் சராசரியை எடுக்க வேண்டும். பாதையின் அதே பகுதியில்தான் எப்போதும் அளக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கும்போது பின்பக்கம் அமர்வதும் கணக்கைக் கெடுக்கும் என்பதால், நியூட்ரலில் தானே ஓடும்போது எடுத்த பதிவுகளோடு அதே வகைப் பதிவுகளை மட்டும் ஒப்பிடுங்கள். 40 லிட்டர் பெட்ரோலின் எடையே ஏறக்குறைய 300 நியூட்டன். தொட்டியின் மட்டம் மாறினால் நீங்கள் அளப்பது பெட்ரோலைத்தான்.

எதை முதலில் திருத்துவது

என் வரிசை இது: முதலில் இடுக்குகளை அடைத்தல், அடுத்து முன்பக்கம், அதற்குப் பின்னரே பின்பக்கம். பின்பக்க விங்கை முதலில் வாங்கிவிடுவதுதான் வழக்கம். அது ஏன் தவறு என்பதை எளிய நெம்புகோல் கணக்கு காட்டும். முன், பின் அச்சுகளுக்கு இடையே 2.6 மீட்டர் உள்ள காரில், பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் நிற்கும் விங் 600 நியூட்டன் கீழ்நோக்கி அழுத்தினால், பின் அச்சில் 715 நியூட்டன் இறங்கும். முன் அச்சிலிருந்து 115 நியூட்டன் கழியும். முன்னரே இலேசாகியிருந்த முன்பக்கம் இன்னும் இலேசாகி, வேகமான வளைவில் கார் திரும்ப மறுக்கும்.

முன்பக்கத்தில் ஸ்பிளிட்டர் வேலை செய்வது இரு வழிகளில். பம்பரில் மோதித் தேங்கும் காற்றின் உயர் அழுத்தம் அதன் மேற்புறத்தை அழுத்துகிறது; அடியில் நெருங்கிய இடைவெளியில் விரையும் காற்று அழுத்தம் குறைந்து கீழே இழுக்கிறது. பலகை வளைந்தால் இரண்டும் வீண். நிறுத்திய காரில் ஒருவர் அதன் மீது ஏறி நின்றாலும் தொய்யாத அளவுக்குச் சேசிஸோடு இணைத்துத் தாங்கு கம்பிகள் கொடுங்கள். பம்பர் பிளாஸ்டிக்கில் திருகுவது பொருத்துவதாகாது. பிரேக் பிடிக்கும்போது மூக்கு தாழ்ந்து பலகை தரையை மிக நெருங்கினால் அடியில் காற்று அடைபட்டு, முன் அழுத்தம் மிகத் தேவையான நொடியில் மறைந்துபோகும். சற்று உயரமாக வைத்து, சீரான அழுத்தத்தைப் பெறுவதே மேல்.

பின்பக்கத்திற்கு வரும்போது, தெருவிலும் ஓடும் காரானால் உயர்ந்த விங்குக்கு முன் டிக்கி ஓரத்தில் நிமிர்ந்து நிற்கும் சிறு வாத்துவால் ஸ்பாய்லரை முயலுங்கள் என்பேன். 1972-ஆம் ஆண்டு அறிமுகமான போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 காரை அடையாளம் காட்டுவதே அந்த வால்தான். அது தனக்கு முன்னுள்ள சரிவில் காற்றை மந்தமாக்கி அழுத்தத்தை உயர்த்தி, பின் அச்சைத் தூக்கும் விசையைக் குறைக்கிறது. வெவ்வேறு உயரங்களில் அட்டையை வெட்டி, டேப்பால் உறுதியாக ஒட்டி, உயரமானியில் மாற்றத்தைப் பார்த்துவிட்டு, பிடித்த உயரத்தை மட்டும் கண்ணாடியிழையில் வார்த்துக்கொள்ளலாம்.

விங்கே வேண்டுமென்றால், அதன் அடிப்புறம்தான் பெரும் வேலை செய்கிறது என்பதை மனத்தில் கொள்ளுங்கள். அடிப்புறத்தைக் கலைக்காமல் மேலிருந்து பிடிக்கும் அன்னக்கழுத்துத் தாங்கிகள் ஓட்டப்பந்தயக் கார்களில் பரவியது இதனால்தான். செடான் காரின் கூரையைத் தாண்டிய காற்று கீழ்நோக்கிச் சரிந்து வருவதால், விங்கின் நடுப்பகுதி நீங்கள் வைத்த கோணத்தைவிடக் கூடுதலான கோணத்தைச் சந்திக்கிறது, ஓரங்களுக்கு அப்படியில்லை. ஆகவே ஓட்டம் முதலில் நடுவில்தான் பிரியும். அடிப்புறத்தில் நூல்களை ஒட்டி, சுழியக் கோணத்தில் தொடங்கி, இரண்டிரண்டு டிகிரியாகக் கூட்டுங்கள். நடுவிலுள்ள நூல்கள் கலையத் தொடங்கும் கோணத்திற்கு இரண்டு டிகிரி முன்பே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் வைப்பது இழுவையை மட்டுமே கூட்டும். இன்னும் சிறிது வேண்டுமானால், 1971-இல் டான் கர்னி தம் பந்தயக் காரில் செய்ததுபோல, பின் விளிம்பில் செங்குத்தான சிறு பட்டையை வைக்கலாம். முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை 250 மி.மீ. உள்ள விங்குக்கு 3 முதல் 5 மி.மீ. உயரப் பட்டை தொடக்கத்திற்குப் போதும்.

காரின் அடியில் பின்முனையில் மேல்நோக்கிச் சரியும் தகடான டிஃப்யூசரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதை வந்தடையும் காற்று தட்டையான அடிப்புறத்தின் வழியே ஒழுங்காக வந்தால்தான் அது வேலை செய்யும். சைலன்சருக்குப் பின்னால் தொங்கும் கறுப்புத் துடுப்புகள் அலங்காரமே. ஏறுகோணத்தை 7 டிகிரியில் தொடங்கி, மண்ணெண்ணெயில் நிறப்பொடி கலந்து பூசி, ஓட்டிய பின் கோடுகள் கடைசி வரை நேராகப் போகின்றனவா என்று பாருங்கள். நடுவில் கலங்கித் தேங்கினால் கோணத்தைக் குறையுங்கள். அந்தப் பூச்சையும் அடிப்புறத் தகட்டையும் புகைபோக்கிக் குழாயிலிருந்து நன்கு தள்ளி வையுங்கள். தீப்பிடிக்கும் ஆபத்து அங்கேதான்.

காற்றில் சிறு சுழல்களை உண்டாக்க, கூரையின் பின் ஓரத்தில் ஒட்டும் சிறு சுழியாக்கித் துடுப்புகளைப் பலரும் கேட்கிறார்கள். லேன்சர் எவல்யூஷன் காரின் கூரையில் மிட்சுபிஷி பொறியாளர்கள் அவற்றை ஆராய்ந்து பெற்ற பலன், இழுவைக் கெழுவில் 0.006 குறைவு. கெழு 0.35 உள்ள காரில் இது 2 சதவீதத்திற்கும் குறைவு. மேலே சொன்ன ஓடவிடும் சோதனையில் இதை உறுதியாகக் காணவே முடியாது. வேறொரு கூரைக்காக வடிவமைத்ததை உங்கள் கூரையில் ஒட்டினால் அதுவும் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. நூல்கள் மாறுகின்றனவா என்று பாருங்கள், மாறாவிட்டால் கழற்றிவிடுங்கள்.

மூக்கு நிமிர்வதை மட்டும் ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள். 1999 லெ மான் பந்தய வாரத்தில் மெர்சிடஸ் சிஎல்ஆர் கார்கள் மூன்று முறை காற்றில் எழும்பிக் கவிழ்ந்தன. அவற்றில் ஒன்று பந்தயத்தின் நடுவே பாதையை விட்டே பறந்து மரங்களுக்கிடையே விழுந்தது. மூக்கு சற்று நிமிர்ந்தாலும் நீண்ட தட்டையான அடிப்புறத்தின் மீது விசை தலைகீழாகத் திரும்பிவிடும். நின்ற நிலையில் முன்பக்கம் பின்பக்கத்தைவிடச் சிறிது தாழ்ந்திருக்கட்டும். ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் வேகத்தை 20 கி.மீ. படிகளாகவே உயர்த்தி, முன் உயரமானியின் கோடு மேலே வளைகிறதா என்று ஒவ்வொரு படியிலும் நின்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கடைசியாகச் செய்ய வேண்டியது சமநிலைச் சோதனை. 60 கி.மீ. வேகத்தில் கடக்கும் ஒரு வளைவையும் 140 கி.மீ. வேகத்தில் கடக்கும் ஒரு வளைவையும் தேர்ந்துகொள்ளுங்கள். மெதுவான வளைவில் கார் எப்படி நடந்துகொள்கிறதோ அது சஸ்பென்ஷனின் குணம். வேகமான வளைவில் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அது காற்றின் குணம். மெதுவான வளைவில் சரியாகத் திரும்பி, வேகமான வளைவில் முன்பக்கம் வெளியே ஒதுங்கினால், ஸ்பிரிங்கைத் தொடாமல், விங்கின் கோணத்தைத் தாங்கியின் துளைகளில் ஒரு துளை குறையுங்கள். பின்பக்கம் ஒதுங்கினால் ஒரு துளை கூட்டுங்கள். மாற்றிய துளையின் எண், அன்றைய வெப்பநிலை, பெட்ரோல் மட்டம், நான்கு மூலை உயரங்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, திருகுகளை இன்னொரு முறை இறுக்கிவிட்டு மீண்டும் ஓட்டுங்கள்.